ஆசிரியர் மீது விதிக்கப்பட்ட மொழி: நியூ மெக்சிகோவின் ஸ்பானியப் பிரிவும் அதன் பின்வரலாறும்

பள்ளிக்கு வரும் குழந்தையின் வீட்டுமொழி ஒன்றாகவும் ஆசிரியரின் மொழி வேறொன்றாகவும் இருக்கும்போது, இருவருள் யார் மற்றவரின் மொழியைக் கற்றல் வேண்டும் என்னும் வினா எழுதல் இயல்பு. நடைமுறையில் அவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஆறு வயதுக் குழந்தை கற்றுக்கொள்ளும் என்பது கல்வித்துறைகள் பலவற்றின் எழுதப்படாத விதி. பட்டமும் சான்றிதழும் பெற்று ஊதியத்திற்குப் பணிபுரியும் ஆசிரியரே கற்றல் வேண்டும் என்று சட்டம் கூறுவது அரிது. அவ்வாறு கூறிய சட்டங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் உள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தின் அரசியலமைப்பாகும். 1910ஆம் ஆண்டு வரையப்பெற்று, 1912ஆம் ஆண்டு சனவரியில் அப்பகுதி 47ஆம் மாநிலமானபோது நடைமுறைக்கு வந்த அவ்வரசியலமைப்பின் 12ஆம் உறுப்பு, 8ஆம் பிரிவு, ஸ்பானிய மொழி பேசும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் தகுதியை ஆசிரியர்கள் பெறும்பொருட்டு, ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் அவர்கள் தேர்ச்சியடையுமாறு பயிற்சியளிக்கச் சட்டமன்றம் வகைசெய்தல் வேண்டும் என்று விதிக்கிறது.

இப்பிரிவில் கருதத்தக்கது அதன் எழுவாய். குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்க வழிசெய்வதையும் அப்பிரிவு கூறுகிறது. ஆயினும் இரு மொழிகளிலும் தேர்ச்சி பெறுமாறு கற்க வேண்டியவர் ஆசிரியர். அதற்கு வகைசெய்ய வேண்டியது அரசு. இப்பிரிவை எளிதில் நீக்கிவிடாதிருக்கவும் வரைந்தோர் வழிசெய்தனர். பிற பிரிவுகளைத் திருத்துவதற்குப் போதுமான பெரும்பான்மை இதற்குப் போதாது. சட்டமன்றத்திலும் மக்கள் வாக்கெடுப்பிலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஸ்பானிய வழியினரின் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கலாகாது என்னும் 10ஆம் பிரிவுக்கும் இதே காப்பு உண்டு.

இக்காப்புகளுக்குக் காரணம் அச்சம். அரசியலமைப்பு வரைவுப் பேரவையின் 100 உறுப்பினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஸ்பானிய மொழியினர். தம் மக்கள் அந்நிலத்தில் பெரும்பான்மையினராக நெடுங்காலம் நீடிக்கமாட்டார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மாநிலத் தகுதி வழங்க இசைந்த 1910ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமே, பொதுப்பள்ளிகள் எப்போதும் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. பயிற்றுமொழியைக் காக்கும் வழி அடைபட்டுவிட்ட நிலையில், வரைவாளர்கள் ஆசிரியரின் மொழித்தகுதியைப் பற்றினர். பாடம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். கற்பிப்பவர் குழந்தை பேசுவதை அறிந்தவராக இருக்கட்டும் என்பது அவர்கள் கண்ட இடைவழி.

பிரிவுக்கு முந்தைய நிலை

1848ஆம் ஆண்டு குவாதலூப் இடால்கோ உடன்படிக்கையின் வழி மெக்சிகோவிடமிருந்து பெருநிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு மாறியது. இன்றைய கலிபோர்னியா, நியூ மெக்சிகோ முதலியன அதனுள் அடங்கும். நிலம் மாறியதேயன்றி மக்கள் இடம் மாறவில்லை. கலிபோர்னியாவில் தங்கம் தேடி வந்தோர் ஓரிரு ஆண்டுகளிலேயே ஸ்பானியரைச் சிறுபான்மையாக்கிவிட்டனர். சட்டங்கள் இரு மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும் என்று 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதிய அம்மாநிலம், 1855ஆம் ஆண்டிலேயே பள்ளிகளை ஆங்கிலத்திற்கு மாற்றியது. 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பு முந்தைய உறுதிமொழியையும் கைவிட்டது.

நியூ மெக்சிகோவில் மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. வறண்ட நிலம் வந்தேறிகளை விரைந்து ஈர்க்கவில்லை. 1874ஆம் ஆண்டளவில் அங்கிருந்த பள்ளிகளில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டவை ஸ்பானியத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் மட்டும் நடந்தவை நூற்றுக்கு ஐந்து அளவே. பதினைந்து ஆண்டுகளில், இருப்புப்பாதை வந்த பின்னர், ஆங்கிலப் பள்ளிகளின் பங்கு நாற்பது விழுக்காட்டைக் கடந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. அதற்கு முன் ஆசிரியரும் மாணவரும் ஒரே மொழியினராக இருந்தமையால், ஆசிரியர் குழந்தையின் மொழியைக் கற்க வேண்டிய தேவையே எழவில்லை. சட்டமே அவ்விடைவெளியை உண்டாக்கியது. பின்னர் மற்றொரு சட்டம் அதனை நிரப்ப முயன்றது. மொழிக்கொள்கை வரலாற்றில் இவ்வரிசை புதிதன்று.

1909ஆம் ஆண்டு, மாநிலமாவதற்கு முன்பே, எல் ரீட்டோ என்னும் சிற்றூரில் ஸ்பானிய அமெரிக்க ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றது. ஸ்பானியம் வழங்கும் பகுதிகளின் பள்ளிகளுக்கு அவ்வின இளைஞரையே ஆசிரியராக்குவது அதன் நோக்கம். இரு வழிகளும் ஒன்றல்ல என்பதை இங்கு நோக்க வேண்டும். எல் ரீட்டோ, குழந்தையின் மொழியினரை ஆசிரியராக்கும் வழி. 8ஆம் பிரிவு, ஆசிரியராக இருப்பவரைக் குழந்தையின் மொழிக்குள் கொண்டுவரும் வழி. முதலாவது சில நூறு பேரோடு நின்றுவிடக்கூடியது. இரண்டாவது ஆசிரியப் பயிற்சி முறை முழுவதையும் மாற்றக்கூடியது; அதனாலேயே அது ஏட்டளவில் தங்கிவிட்டது. 1941ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி மேல்வகுப்புகளில் ஸ்பானியம் கற்பிக்கச் சட்டம் இயற்றப்பெற்றபோது, கற்பிக்கும் திறனுடைய ஆசிரியர் எங்கே என்னும் வினா மீண்டும் எழுந்தது. அரசியலமைப்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் விதித்ததைச் செய்திருந்தால் அவ்வினா எழுந்திராது.

தண்டனைக்குரிய மொழி

அண்டை மாநிலமாகிய டெக்சாசில் வரலாறு எதிர்த்திசையில் சென்றது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல அயல்மொழிக் கல்வியைத் தடைசெய்தன. செருமானிய மொழியில் படிக்கக் கற்பித்தமைக்காக நெப்ராசுகாவில் ஓர் ஆசிரியருக்குத் தண்டம் விதிக்கப்பட்டதும், 1923ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றதும் நன்கறியப்பட்டவை. டெக்சாசின் 1918ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆங்கிலமல்லாத மொழியில் பாடம் நடத்தும் ஆசிரியரைக் குற்றவாளியாக்கியது. நியூ மெக்சிகோவில் ஆசிரியர் கற்க வேண்டிய கடமையாக எழுதப்பட்ட அதே மொழி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் அவர் வகுப்பில் பயன்படுத்தக்கூடாத மொழியாயிற்று. நெடுங்காலம் அச்சட்டம் உறங்கிக் கிடக்கவும் இல்லை. 1970ஆம் ஆண்டு அக்டோபரில்கூட, கிரிஸ்டல் சிட்டி என்னும் ஊரில் மெக்சிக அமெரிக்க ஆசிரியர் ஒருவர்மீது இச்சட்டத்தின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் அவ்வழக்குத் தள்ளுபடியானது.

டெக்சாசின் தென்பகுதியில் உள்ள கோத்துல்லாவில், மெக்சிகக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வெல்ஹௌசன் பள்ளிக்கு 1928ஆம் ஆண்டு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் வந்தார். அவர் லிண்டன் ஜான்சன். கல்லூரிப் படிப்பைத் தொடரப் பணமின்மையால் ஓராண்டுப் பணியை ஏற்றவர். முதல் மாத ஊதியத்தில் மாணவர்களுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கினார். சொற்போர் அணிகளை அமைத்தார். பள்ளியின் துப்புரவுப் பணியாளருக்கு வேலைநேரத்திற்கு முன்னும் பின்னும் அமர்ந்து ஆங்கிலம் கற்பித்தார். அம்மாணவர்கள்பால் அவர் கொண்ட அன்பைப் பிற்காலத்து மாணவர் சான்றுகள் ஒருமுகமாக உறுதிசெய்கின்றன. ஆயினும் பள்ளி வளாகத்தில் ஸ்பானியம் பேசுவதை அவர் தடுத்தார், மீறியோரைத் தண்டித்தார். அன்புக்கும் தடைக்கும் முரண் இருப்பதாக அவர் எண்ணியிருக்க வழியில்லை. அக்காலத்து நல்லாசிரியர் என்பவர் குழந்தையை அதன் மொழியிலிருந்து மீட்பவர்.

1965ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், வாக்குரிமைச் சட்டத்தை முன்மொழிந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டத்தில் குடியரசுத் தலைவராக உரையாற்றியபோது, ஜான்சன் கோத்துல்லாவை நினைவுகூர்ந்தார். மாணவருள் ஆங்கிலம் பேசத் தெரிந்தோர் சிலரே என்றும், தமக்கும் ஸ்பானியம் அதிகம் தெரியாதென்றும் அவ்வுரையில் குறிப்பிட்டார். இரு குறைகளும் அவர் வாயில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. 1928இல் ஒன்று மட்டுமே குறையாகக் கணக்கிடப்பட்டது.

கோத்துல்லாவில் நிகழ்ந்தது விதிவிலக்கன்று. டெக்சாசின் மேற்கில் மார்ஃபா என்னும் ஊரின் பிளாக்வெல் பள்ளியில் 1954ஆம் ஆண்டு ஒரு சடங்கு நடத்தப்பட்டது. இனி ஸ்பானியம் பேசமாட்டோம் என்று மாணவர்கள் சிறு தாள்களில் எழுதினர். அத்தாள்கள் கொடிக்கம்பத்தருகே குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. மொழிக்கு ஈமச்சடங்கு நடத்தியவர்கள் ஆசிரியர்கள். சவத்தைச் சுமந்தவர்கள் அம்மொழியைப் பேசிய குழந்தைகள். 1965ஆம் ஆண்டு மூடப்பட்ட அப்பள்ளி, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பெற்றது.

குறை யாருடையது?

தண்டனையைவிட நீண்டகால விளைவை உண்டாக்கியது அளவீடு. 1920களில் அமெரிக்கப் பள்ளிகளில் நுண்ணறிவுச் சோதனைகள் பரவின. ஆங்கிலத்தில் அமைந்த அச்சோதனைகளில் ஸ்பானிய மொழிக் குழந்தைகள் பெற்ற குறைந்த மதிப்பெண்கள், பிறவி அறிவுக்குறைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. இதனை எதிர்த்தோருள் முதன்மையானவர் ஜார்ஜ் இ. சாஞ்செஸ். 1906ஆம் ஆண்டு ஆல்புகெர்கியில் பிறந்த இவர், 16 வயதில் நியூ மெக்சிகோவின் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானவர். மாநிலக் கல்வித்துறையில் பணியாற்றிய காலத்திலும் பின்னரும், 1930களின் முற்பகுதியில் எழுதிய கட்டுரைகளில், குழந்தை ஒருபோதும் கேட்டிராத சொற்களைக் கொண்டு அதன் அறிவை அளப்பது அளவையே அன்று என்பதை அவர் நிறுவினார். வினாவை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்போரையும் அவர் ஏற்கவில்லை. சோதனை அடிப்படையாகக் கொள்ளும் வாழ்க்கை அனுபவமே வேறு என்றார். இதே ஆண்டுகளில் ஆல்புகெர்கியின் சான் ஹோசே பள்ளியில் லாய்டு டைர்மன் சிற்றூர் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவருடைய நம்பே சமுதாயப் பள்ளி 1937 முதல் 1942 வரை நடந்தது. இரண்டும் தனிமனித முயற்சிகளாகவே முடிந்தன.

கலிபோர்னியாவில் மொழிக்குறை என்னும் காரணமே தனிப்பள்ளிகளுக்கு அரணாகியது. லெமன் குரோவ் ஊரில் 1931ஆம் ஆண்டிலும், ஆரஞ்சு மாவட்டத்தில் மெண்டெஸ் வழக்கின்வழி 1946, 1947ஆம் ஆண்டுகளிலும் மெக்சிகப் பெற்றோர் நீதிமன்றத்தில் வென்றனர். ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடமிருந்து பிரித்துவைப்பதே ஆங்கிலம் கற்பதைத் தாமதப்படுத்துகிறது என்று மெண்டெஸ் வழக்கில் நீதிபதி கண்டார். எனினும் அவ்வழக்குகளில் ஆசிரியரின் மொழித்தகுதி விசாரணைப் பொருளாகவில்லை.

அது விசாரணைப் பொருளானது ஆசிரியர்களாலேயே. அரிசோனாவின் தூசான் நகர ஆசிரியர் குழுவொன்று, மரியா ஊர்கிதெஸ் தலைமையில், தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்குக் கல்வி எவ்வாறு அளிக்கப்படுகிறது என்று ஆராய்ந்தது. தேசியக் கல்விக் கழகம் 1966ஆம் ஆண்டு அதனை அறிக்கையாக வெளியிட்டது. பள்ளியில் பெயரே மாற்றப்படும் வழக்கத்தை அக்காலத்து எழுத்துகள் விரித்துரைக்கின்றன. ஸ்பானிய வழக்கில் இயல்பான ஹெசூஸ் என்னும் பெயரைக் குழந்தைக்கு வைப்பது ஆங்கில ஆசிரியர்களின் சமயவுணர்வுக்கு ஒவ்வாதிருந்தது. அச்சிறுவன் ஜெஸ்ஸி ஆனான். பெயரை ஒலிக்கக் கற்பது ஒரு மொழியைக் கற்பதன் முதற்படி. அப்படியும் ஏறப்படவில்லை.

தூசான் அறிக்கை மேலவை உறுப்பினர் ரால்ஃப் யார்பரோவின் கைக்குச் சென்றது. அவர் 1967ஆம் ஆண்டு கொண்டுவந்த மசோதா, இருமொழிக் கல்விச் சட்டமாக 1968ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் கையொப்பம் பெற்றது. கையொப்பமிட்டவர் கோத்துல்லாவில் ஸ்பானியத்தைத் தடுத்த ஜான்சன். முதலாண்டில் நிதி ஒதுக்கப்படவில்லை. 1969இல் 75 இலட்சம் டாலர் 76 திட்டங்களுக்குப் பகிரப்பட்டது.

ஆசிரியரின் மொழியறியாமை வகுப்பறையில் என்ன செய்கிறது என்பதை எண்ணிக்கையாகக் காட்டியது குடியுரிமை ஆணையம். கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் மாநிலங்களில் நானூறுக்கு மேற்பட்ட வகுப்புகளை உற்றுநோக்கி 1973ஆம் ஆண்டு அது வெளியிட்ட அறிக்கையின்படி, ஆசிரியர்கள் ஆங்கில வழிக் குழந்தைகளிடம் மெக்சிகக் குழந்தைகளைவிட 21 விழுக்காடு மிகுதியாக வினாக்களைக் கேட்டனர். அவர்கள் கூறிய கருத்துகளை 40 விழுக்காடு மிகுதியாக எடுத்தாண்டனர். தடையும் தண்டனையும் கண்ணுக்குத் தெரிபவை. கேட்கப்படாத வினாவைக் குழந்தை முறையிட்டுச் சொல்ல முடியாது.

எழுநூறு சொற்கள்

இவ்வரலாற்றின் திருப்பம் எனத்தக்கது 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு. டெக்சாசின் தென்கோடியில் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டத்தில் மாணவருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் மெக்சிக வழியினர். மாவட்டம் மூன்றாம் வகுப்புவரை இருமொழித் திட்டம் நடத்தியது. அதற்கெனப் பல ஆசிரியர்கள் மாநிலம் ஏற்ற 100 மணிநேரப் பயிற்சி பெற்றிருந்தனர். அப்பயிற்சி இருமொழிக் கல்வி முறைகளையும், அவற்றோடு 700 சொற்கள் அளவிலான ஸ்பானியச் சொற்றொகையையும் அளிப்பது. காஸ்தானியேதா என்பார் மாவட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்பயிற்சியைப் போதாதெனக் கண்டது. குழந்தைகளின் மொழித்தடையைக் களைய அமர்த்தப்பட்ட ஆசிரியர்களே தமது மொழிக்குறைபாட்டைக் களையாமல் வகுப்பில் நிற்பாராயின், திட்டத்தால் பயன் விளையாது என்பது தீர்ப்பின் கருத்து. அதுவரை குழந்தைக்கே உரியதாக எழுதப்பட்டு வந்த குறைபாடு என்னும் சொல், முதன்முறையாக ஓர் உயர்நீதிமன்றத்தின் ஏட்டில் ஆசிரியருக்கு உரியதாக எழுதப்பட்டது எனலாம்.

700 சொற்கள் என்பதன் பொருளை மொழியியல் நோக்கில் எண்ணிப் பார்த்தல் தகும். பள்ளியில் சேரும் ஆறு வயதுக் குழந்தை தன் தாய்மொழியில் சில ஆயிரம் சொற்களை அறிந்தே வருகிறது. சொல்லைவிட இன்றியமையாதது வினைத்திரிபு. ஸ்பானிய வினை காலம், இடம், நோக்கு ஆகியவற்றிற்கேற்ப விகுதி பெறுவது. 700 பெயர்களை மனப்பாடம் செய்தவர் உட்கார், எழுது, அமைதி என ஏவலாம். ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் கூடும். கிடைக்கும் விடையைப் புரிந்துகொள்ள இயலாது. ஏவல் அளவில் நின்ற மொழியறிவு ஆசிரியரின் அதிகாரத்தையே பெருக்கும். குழந்தை பேசவும் ஆசிரியர் கேட்கவும் தொடங்கும்போதுதான் அது கல்விக்குப் பயன்படும்.

இந்தியச் சூழலோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற இந்திய அரசியலமைப்பின் 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யப் பணிக்கிறது. ஆசிரியர் எம்மொழியைக் கற்க வேண்டும் என்பதை அது கூறவில்லை. ஆனால் மைசூரில் 1969ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வட்டார மொழி மையங்களில், பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் தமதல்லாத இந்திய மொழியொன்றைப் பத்துத் திங்கள் தங்கிக் கற்க ஏற்பாடு செய்யப்பட்டது. நியூ மெக்சிகோவில் விதி இருந்தது, ஏற்பாடில்லை. இங்கு ஏற்பாடு அமைந்தது; ஆனால் அதன் நோக்கம் மும்மொழித் திட்டத்தின்கீழ் அம்மொழியைப் பாடமாகக் கற்பிப்பது. தம் வகுப்பில் அமர்ந்துள்ள குழந்தையின் வீட்டுமொழியை ஆசிரியர் அறிய வேண்டும் என்பது அன்று.

எந்த ஸ்பானியம்?

ஆசிரியர் ஸ்பானியம் கற்க வேண்டும் என்று முடிவுசெய்த பின்னரும், எந்த ஸ்பானியம் என்னும் வினா எஞ்சுகிறது. தெற்குக் கொலராடோவில் 1880ஆம் ஆண்டு பிறந்த அவுரேலியோ எஸ்பினோசா, 1909ஆம் ஆண்டு முதல் நியூ மெக்சிகோ ஸ்பானியத்தின் ஒலியியலையும் உருபனியலையும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அசீனா, த்ரூஹே, வீதே முதலிய வடிவங்கள் அவ்வட்டார வழக்கில் வாழ்ந்தன. இவை பிழைகள் அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் குடியேறியோருடன் வந்து, நாட்டின் பிற பகுதிகளோடு தொடர்பற்ற பள்ளத்தாக்குகளில் நிலைத்துவிட்ட பழவடிவங்கள். கல்லூரியில் நூல்வழி ஸ்பானியம் கற்று வந்த ஆசிரியருக்கோ அவை திருத்தப்பட வேண்டிய கொச்சையாகத் தோன்றின. மதிய உணவை லோஞ்சே என்றும் சரக்குந்தைத் துரோக்கா என்றும் வழங்கும் கலப்பு இன்னும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. விளைவாகக் குழந்தை இரு முறை திருத்தப்பட்டது: ஆங்கிலம் அறியாமைக்காக ஒருமுறை, ஸ்பானியத்தைத் தன் பாட்டி பேசியவாறு பேசியமைக்காக மறுமுறை. நாட்டுப்புற வழக்கோடு பள்ளிக்கு வந்து ஏட்டுத்தமிழால் திருத்தப்படும் குழந்தையின் நிலையை அறிந்தோர்க்கு இது விளக்கம் வேண்டாதது.

குடும்பத்தாரோடு பேசும்போது இடர்ப்பாடு வேறு வகையில் எழுகிறது. ஆங்கிலத்தின் முன்னிலை இடப்பெயர் ஒருமை, பன்மை, மதிப்பு என்னும் வேறுபாடறியாதது. ஸ்பானியத்தில் தூ என்பதும் உஸ்தெத் என்பதும், தமிழில் நீ, நீங்கள் என்பனபோல, உறவின் அளவைக் காட்டுவன. நட்புணர்வோடு பேசுவதாக எண்ணி மாணவரின் பாட்டியைத் தூ என்று விளித்த ஆசிரியர், இலக்கணத்தில் பிழையின்றிப் பேசியே மதிப்பிழக்கக்கூடும். பாடநூல்கள் இவ்வேறுபாட்டை ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. வாழ்க்கையில் அது ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகிறது. மறுதலையான இடரும் உண்டு. ஸ்பானிய வழக்கில் மயெஸ்த்ரா என்று தொழிற்பெயரால் அழைப்பது மரியாதை. அதனையே ஆங்கிலத்தில் பெயர்த்து டீச்சர் என்று குழந்தை அழைக்கும்போது, பெயர் சொல்லி அழைப்பதையே பண்பாகக் கொள்ளும் அமெரிக்க ஆசிரியர் அதனை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார். டீச்சர் என்றும் சார் என்றும் அழைத்துப் பழகிய தமிழ்ச் சமூகத்தினர்க்கு இத்தவறான புரிதல் வியப்பளிக்கக்கூடும்.

எதுகேசன் என்னும் ஆங்கிலச் சொல்லும் எதுகாசியோன் என்னும் ஸ்பானியச் சொல்லும் ஒரே வேரின, பொருளெல்லை ஒன்றன்று. பின்னதில் நன்னடத்தை, பெரியோரை மதித்தல், குடும்பப் பொறுப்பு ஆகியவை அடங்கும். கற்றவர் என்னும் பொருளை விட நற்பண்புடையவர் என்னும் பொருளே பியென் எதுகாதோ என்பதில் முந்தி நிற்கும். ஆதலின் ஒரு தாய் பள்ளிக்கு வந்து தன் மகனின் எதுகாசியோன் எவ்வாறுள்ளது என்று வினவும்போது, அவள் கேட்பது அவன் ஒழுக்கத்தைப் பற்றியதாக இருக்கலாம். ஆசிரியர் கணக்குத்தேர்வு மதிப்பெண்ணைச் சொல்வார். அவள் மதிப்பெண்ணில் அக்கறையற்றவள் என்று ஆசிரியர் முடிவுசெய்வார். எல்லைப்பகுதியில் பத்து மெக்சிகக் குடும்பங்களை ஆராய்ந்து குவாதலூப்பே வால்தெஸ் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், பெற்றோர்க்கு ஆர்வமில்லை என்று பள்ளிகள் எண்ணும் இடங்களில் உண்மையில் நிகழ்வது இத்தகைய பொருள்மாறாட்டமே என்பதைக் காட்டுகிறது. அகராதியில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று நிகரெனக் கொடுக்கப்பட்டிருப்பது இங்கு உதவாது, கெடுதலே செய்யும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையே குழந்தையையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவது பள்ளிகளின் எளிய வழி. தன் குற்றத்தைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் சிறுவனிடம் நம்பகத்தன்மையை எதிர்பார்ப்பது மிகை. அதனினும் கேடானது, வீட்டில் பெரியோர் தாழவும் சிறியோர் உயரவும் நேரும் அதிகார மாற்றம். மாணவரையோ உடன்பிறந்தோரையோ மொழிபெயர்க்கச் சொல்லலாகாது என்று 2015ஆம் ஆண்டு சனவரியில் நடுவணரசு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின், அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது.

மாநிலங்களின் போக்கும் ஊசலாட்டமே. கலிபோர்னியா 1990களில், மொழிச் சிறுபான்மை மாணவர்க்குக் கற்பிப்பதற்கான சான்றிதழ் பெறும் ஆசிரியர் தாமும் இரண்டாம் மொழியொன்றைக் கற்ற அனுபவம் உடையவராதல் வேண்டும் என்று விதித்தது. கல்லூரிப் பாடமாயின் ஆறு அலகுகள். அம்மொழி மாணவரின் மொழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மொழி கற்போரின் திணறலை ஆசிரியர் தம் உடலால் அறிய வேண்டும் என்பதே கருத்து. அதே மாநிலம் 1998ஆம் ஆண்டு 227ஆம் முன்மொழிவின்வழி இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கி, 2016ஆம் ஆண்டு 58ஆம் முன்மொழிவின்வழி அதனை மீட்டது. நியூ மெக்சிகோ 1973ஆம் ஆண்டு இருமொழி, பல்பண்பாட்டுக் கல்விச் சட்டம் இயற்றியது. ஆயினும் 2018ஆம் ஆண்டு சூலையில் அம்மாநில மாவட்ட நீதிமன்றம், ஆங்கிலம் கற்போர், பழங்குடியினர், ஏழைக் குடும்பத்தினர் ஆகிய மாணவர்க்கு அரசு போதிய கல்வி வழங்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது. 8ஆம் பிரிவு அரசியலமைப்பில் அப்படியே உள்ளது.

வீட்டு வாயிலில்

சட்டத்தால் நடவாதது ஆசிரியரின் கால்நடையால் ஓரிடத்தில் நடந்தது. 1980களின் இறுதியில் தூசான் நகரில் லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலெஸ் முதலியோர் தொடங்கிய ஆய்வில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரின் வீடுகளுக்கு ஆய்வாளராகச் சென்றனர். குற்றம் கூறவோ அறிவுரை வழங்கவோ அவர்கள் செல்லவில்லை. குடும்பத்தார் விரும்பிய மொழியில் உரையாடி, அவ்வீட்டார் அறிந்தவை எவை என்று கேட்டெழுதினர். பயிர்த்தொழில், கட்டடவேலை, மருந்துமூலிகை, வண்டி பழுதுபார்த்தல், எல்லை கடந்த வணிகம் என விரிந்த அவ்வறிவைக் குடும்பங்களின் அறிவுச்சேமிப்பு என அவர்கள் பெயரிட்டனர். 1992ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர், கேத்தி அமாந்தி என்னும் வகுப்பாசிரியர்.

அவர் சென்ற வீடுகளுள் ஒன்றில், தம் மாணவன் மெக்சிகோவிலிருந்து மிட்டாய் வாங்கிவந்து அக்கம்பக்கத்தில் விற்பதை அறிந்தார். பள்ளிப் பதிவேட்டில் இடம்பெறாத செய்தி அது. வகுப்பில் மிட்டாயைப் பற்றிய பாட அலகொன்றை அவர் அமைத்தார். மாணவர்கள் இரு நாட்டு மிட்டாய்களின் சேர்பொருள்களை ஒப்பிட்டனர். மெக்சிக மிட்டாய்களில் அவை குறைவாயிருப்பதைக் கண்டனர். பின்னர் ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்து பிப்பித்தோரியா என்னும் மிட்டாயைச் செய்யும் முறையைக் கற்பித்தார். அன்று அவ்வகுப்பில் ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து கற்பவராக இருந்தார்.